உடம்புக் கடிக்கு ஏன் மனநோய்க் குளிசை?

சாச்சி அந்தக் குளிசையை ஐந்து இரவுகள்தான் போட்டார். ஆறாம் நாள் பின்னேரம் அவருடைய பேரன், வைத்தியசாலையில் கொடுத்த சின்னக் கடதாசி உறையில் எழுதியிருந்த பெயரைத் தன் கைத்தொலைபேசியில் தட்டிப் பார்த்தான். ரிஸ்பெரிடோன். முதல் வரியிலேயே வந்துவிட்டது: மனச்சிதைவு நோய்க்கான மருந்து. அவன் சத்தமாக வாசித்ததை வீட்டில் எல்லோரும் கேட்டார்கள்.

“நான் கடிக்கு மருந்தெடுக்கப் போனா, எனக்கு விசருக்குக் குளிசை தந்திருக்காங்க” என்றார் சாச்சி. கோபப்படவில்லை. உறையை மடித்து அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அன்றிரவே பேத்திக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தத்தின் பேச்சும் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒருவர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

மருதமுனையில், எங்கள் வீட்டிலிருந்து மூன்று வளவு தள்ளி நடந்தது இது. நான் வைத்தியன் அல்ல, செய்தி எழுதுகிறவன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி வைத்தியர்களிடமும் புத்தகங்களிடமும் போன பிறகு, இதே காரணத்துக்காக இதே மருந்தை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்ட வேறு வீடுகளும் இருக்கும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

சாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. 1990இல் வயலுக்குப் போன சாச்சா திரும்பி வரவில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் இரண்டு பிள்ளைகளைக் கடல் கொண்டுபோனது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் அன்று இறந்தவர்களின் தொகை 10,000ஐத் தாண்டியது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இவ்வளவு பேர் போகவில்லை. அதனால்தான் அவருக்குக் கடி வந்தது என்று காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி யாராலும் நிரூபிக்க முடியாது. எந்த இழப்பும் இல்லாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. எங்கள் கரையில் ஒரு நோயாளியின் கதையைத் தொடங்கினால் இந்த இரண்டு வருடங்களைத் தாண்டிப் போக முடியாது, அவ்வளவுதான்.

கடி தொடங்கி மூன்று வருடமாகிறது. முதலில் முழங்கைக்குக் கீழே, பிறகு கழுத்து, தலை. தோலுக்கு உள்ளே ஏதோ ஊர்கிறது என்றார். சின்னப் பூச்சி, வெள்ளையாக இருக்கும், சில வேளை நூல் மாதிரி வரும். நகத்தால் தோண்டி எடுத்ததை எல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்தார். பாய், தலையணை எல்லாம் எரித்தாயிற்று. டெட்டோலில் குளித்தார். ஒருமுறை மண்ணெண்ணெய் பூசிக்கொண்டார், தோல் வெந்துபோனது. பரிசாரியிடம் போனோம், ஓதிப் பார்த்தோம், தண்ணீர் ஓதிக் குடித்தார். தனியார் மருந்தகத்தில் பிரிட்டோன் குளிசையும் பூசும் கிரீமும் மாறி மாறி வாங்கினோம். தோல் வைத்திய நிபுணரிடம் அவர் போய்ச் சேர்ந்தபோது கை இரண்டும் புண்ணாகியிருந்தது.

அந்த வைத்தியசாலையின் பெயரை எழுதத் தேவையில்லை. நிபுணர் தோலைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், இரத்தம் எடுத்தார். அடுத்த கிளினிக்கில் பூச்சி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, இரவில் போட ஒரு குளிசை எழுதினார். வெளியே நூறு பேர் காத்திருந்தார்கள். அது என்ன குளிசை, ஏன் தருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மருந்தில் பிழை இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட அந்த இரண்டு நிமிடம், மூன்று மாத வைத்தியத்தைக் கெடுத்தது.

கடி மருந்தின் வீட்டில் பிறந்தது

மனநோய் மருந்துக்கும் தோலுக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு, அந்த மருந்துகளின் பிறப்பிலேயே ஒரு பதில் இருக்கிறது. இது எனக்கே புதிதாக இருந்தது.

1940களில் பிரான்சின் ரோன்-பூலங்க் மருந்துக் கம்பனி, ஒவ்வாமைக்கும் கடிக்குமான மருந்துகளைத் தேடிக்கொண்டிருந்தது. அப்படி வந்ததுதான் புரோமெதசின். பெனர்கன் என்ற பெயரில் எங்கள் தாய்மார் பலருக்கும் தெரிந்த பாணி. அது நன்றாக நித்திரை தந்தது, மனதையும் கொஞ்சம் தணித்தது. அந்தத் தணிவைப் பிடித்துக்கொண்டு, அதே குடும்பத்தில் இன்னும் வலுவான ஒன்றைத் தேடினார்கள். 1950 டிசம்பரில் போல் ஷார்பந்தியே என்ற வேதியியலாளர் குளோர்புரோமசினை உருவாக்கினார். ஹென்ரி லபோரி என்ற கடற்படைச் சத்திர சிகிச்சை நிபுணர் முதலில் அதைச் சத்திர சிகிச்சை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1952இல் பரிசின் சென்ற்-ஆன் வைத்தியசாலையில் ழான் டிலேயும் பியர் டெனிக்கரும் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். லார்காக்டில் என்று இங்கே பழைய ஆட்கள் சொல்வது அந்த மருந்தைத்தான்.

அதாவது உலகின் முதலாவது மனநோய்க் குளிசை, கடி மருந்தின் தங்கச்சி. சாச்சிக்கு இதைச் சொன்னபோதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்த உறவு இன்றும் முழுதாக விட்டுப் போகவில்லை. தோலில் கடியைக் கிளப்பும் இரசாயனங்களில் முக்கியமானது ஹிஸ்டமின். மனநோய் மருந்துகள் சிலவும், மனச்சோர்வு மருந்துகள் சிலவும் அந்த ஹிஸ்டமினை மறிக்கும். டொக்செபின் மனச்சோர்வுக்கு வந்த மருந்து. இன்று விடாத கடிக்குத் தோல் வைத்தியர்கள் அதைச் சின்ன அளவில் இரவில் எழுதுகிறார்கள். சிறுநீரக நோயாளிகளுக்கு வரும் பொல்லாத கடிக்கு, வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தரும் கபபென்டினைக் கொடுக்கிறார்கள். மருந்து எந்த நோய்க்கு முதலில் பெயர் எடுத்ததோ அந்த நோய்தான் உங்களுக்கும் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. அஸ்பிரின் காய்ச்சலுக்கு வந்தது. இன்று மாரடைப்பு வந்தவர்கள் காய்ச்சல் இல்லாமலே தினமும் அதைப் போடுகிறார்கள்.

ஆனால் சாச்சிக்கு ரிஸ்பெரிடோன் கொடுத்தது ஹிஸ்டமினுக்காக அல்ல. இதை மறைத்துவிட்டு “அது வெறும் கடி மருந்துதான்” என்று வீட்டில் சமாளிக்கலாம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது பொய்யாகிவிடும். பேரன் இன்னொரு முறை தட்டிப் பார்த்தால் எல்லாம் போய்விடும்.

நாய் குரைக்கும் சத்தம்

தோலில் பூச்சி ஊர்கிறது, உள்ளே குடியிருக்கிறது என்ற அசைக்க முடியாத உறுதி. எத்தனை சோதனை செய்தும் பூச்சி இல்லை. இந்த நிலையை 1894இல் பிரான்சில் தோல் வைத்தியர் ஜோர்ஜ் திபியேர்ஜ் எழுதிவைத்தார். 1938இல் சுவீடன் நாட்டு நரம்பியல் வைத்தியர் கார்ல்-ஆக்செல் எக்பம் விரிவாக எழுதினார். அவருடைய பெயராலேயே இது அழைக்கப்படுவதும் உண்டு. நடு வயதையும் அதைத் தாண்டியவர்களையும், அவர்களிலும் பெண்களை, அதிகம் பிடிக்கிறது. வேறு எல்லா விடயத்திலும் இவர்கள் தெளிவாக இருப்பார்கள்: சமைப்பார்கள், கணக்குப் பார்ப்பார்கள், பேரப்பிள்ளைகளை வளர்ப்பார்கள். இந்த ஒன்றில் மட்டும்தான் பூட்டு. சாச்சியின் பவுடர் டப்பாவும் அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. தோண்டி எடுத்ததைத் தீப்பெட்டியிலோ போத்தலிலோ போட்டு வைத்தியரிடம் கொண்டுவருவது இந்த நோயில் எவ்வளவு வழக்கம் என்றால், பாடப் புத்தகங்களில் அதற்கே “தீப்பெட்டி அடையாளம்” என்று ஒரு பெயர் இருக்கிறது. சில வீடுகளில் தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும். இரண்டு பேரும் சேர்ந்து பூச்சி தேடுவார்கள்.

இங்கே உணர்வு பொய் அல்ல. ஊர்வது உண்மையில் ஊர்கிறது. அந்த உணர்வுக்கு மூளை சொல்லும் காரணம்தான் பிழைத்துப் போகிறது.

1990களில் எங்கள் ஊர்களில் இரவுக் காவல் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அன்று ஒரு நாய் குரைத்தால் ஏன் குரைக்கிறது என்று பார்க்காமல் ஒருவரும் படுக்கமாட்டார்கள். வன்னியில் இருந்தவர்களுக்கு வண்டு சத்தம் போல ஒன்று வானத்தில் கேட்டால் போதும். இன்று அதே நாய் குரைக்கிறது, நாங்கள் புரண்டு படுக்கிறோம். சத்தம் மாறவில்லை, மூளை அதற்குக் கொடுக்கும் கனதிதான் மாறிவிட்டது. எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று கனதி போடும் வேலையில் டோபமின் என்ற இரசாயனத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. எல்லோருடைய தோலிலும் நாள் முழுக்கச் சின்னச் சின்ன அரிப்பு, குத்து, ஊர்தல் வந்து போகிறது. டோபமின் கூடிப்போனால் அந்தச் சின்ன ஊர்தலுக்கே எல்லாவற்றிலும் பெரிய கனதி விழுகிறது. அதற்கு ஒரு காரணம் வேண்டும். மூளை பூச்சியைக் கண்டுபிடிக்கிறது. இது வைத்தியர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்றுதான், எல்லா நோயாளிக்கும் இதுவே என்று இல்லை. ஆனால் மருந்து வேலை செய்யும் விதத்தோடு அது ஒத்துப்போகிறது. ரிஸ்பெரிடோன் டோபமினை மறிக்கிறது. நாய் குரைக்கும், புரண்டு படுக்க முடியும்.

1970களில் பிமோசைட் என்ற மருந்தை இதற்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். அது நன்றாகக் கேட்டது, ஆனால் இதயத் துடிப்பைக் குழப்பக் கூடியது. ஈசிஜி எடுக்காமல் கொடுக்க முடியாது. அதனால் இன்று ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், அமிசல்பிரைட் போன்றவை முன்னுக்கு வந்துவிட்டன. மனச்சிதைவுக்கு நாளைக்கு 4 முதல் 6 மில்லிகிராம் ரிஸ்பெரிடோன் கொடுக்கும் இடத்தில், இதற்கு அரை மில்லிகிராம் அல்லது ஒரு மில்லிகிராமில் தொடங்குவார்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கலாம். முழுப் பயனுக்கு இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகும். ஐந்து இரவில் ஒன்றும் தெரியாது. சாச்சி நிறுத்தியது ஏறத்தாழ விதைத்த மறுநாள் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாதிரி.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மருந்துகளின் பயனைப் பற்றி எங்களிடம் இருப்பது பெரும்பாலும் வைத்தியர்கள் தங்கள் நோயாளிகளைப் பார்த்து எழுதிய அறிக்கைகள்தான். ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறு பகுதியினருக்கு வெறும் குளிசையும் கொடுத்து ஒப்பிடும் ஒழுங்கான ஆய்வுகள் மிகக் குறைவு. 2019இல் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் தேடியபோது, அவர்களுடைய அளவுகோலுக்குள் வரும் ஓர் ஆய்வு கூட அகப்படவில்லை. காரணம் விளங்கக் கூடியது. “எனக்குப் பூச்சி” என்று உறுதியாக இருப்பவர் மனநோய் மருந்து ஆய்வில் ஏன் சேரப்போகிறார்? அறிக்கைகளின்படி மருந்தை ஒழுங்காகப் போட்டவர்களில் பெரும்பாலானோருக்குக் குறைந்திருக்கிறது. வைத்தியர்கள் நம்பி எழுதுவது அதனால்தான்.

முதலில் உண்மையான பூச்சி

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு, கடிக்கிறது என்று சொல்லும் உம்மாவையோ அம்மாவையோ “உங்களுக்கு மனதில்தான் பிரச்சினை” என்று யாராவது சொல்லிவிடக் கூடாது என்று எனக்குப் பயம் இருக்கிறது.

சிரங்குப் பூச்சி என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குள்தான் குடியிருக்கும். நெருக்கமாகப் படுக்கும் இடங்களில் பரவும். சுனாமிக்குப் பிந்திய கூடாரங்களிலும் 2009இல் மெனிக் பாமிலும் இருந்தவர்களுக்கு நெரிசலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் தோலை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, மறைவிடங்களில் கடி, இரவில் கூடும், வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கும். இதற்கு மருந்து பேர்மெத்ரின் கிரீம் அல்லது பென்சைல் பென்சோவேட். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து பாதம் வரை பூச வேண்டும், உடுப்பும் படுக்கை விரிப்பும் கழுவ வேண்டும். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கும். அது தெரியாமல் திரும்பத் திரும்பப் பூசித் தோலைக் கெடுப்பவர்கள் உண்டு. கடைசியில் கடிப்பது மருந்தாகவே இருக்கும்.

பூச்சி இல்லை என்றாலும் உடனே மனதுக்குப் போகக் கூடாது. நீரிழிவு, சிறுநீரக நோய், ஈரல் நோய், தைரொயிட், இரும்புச் சத்துக் குறைவு, விட்டமின் பி12 குறைவு எல்லாம் கடியையோ ஊர்தலையோ தரும். பார்க்கின்சன் நோய் மருந்துகள் தரும். மதுவைத் திடீரென நிறுத்தினால் வரும். ஐஸ் என்று சொல்லும் போதைப்பொருளைப் பாவிப்பவர்கள் தோலில் பூச்சி ஊர்கிறது என்று தோண்டுவார்கள். எங்கள் கரையோர ஊர்களில் இளைஞர்களின் கையில் இப்படிப் புண்களைக் கண்டால் தாய்மார் முதலில் அதை நினைக்க வேண்டிய காலமாகிவிட்டது. கடிக்காமல், மரத்துப்போய், நிறம் வெளிறிய படை இருந்தால் அது வேறு கதை: தொழுநோய் கிழக்கில் இன்னும் இருக்கிறது, முழுமையாகக் குணமாக்கலாம், மருந்து இலவசம்.

சாச்சிக்குச் சீனி இருந்தது, கட்டுப்பாட்டில்தான். மற்ற எல்லாம் சரி. அதற்குப் பிறகுதான் ரிஸ்பெரிடோன். அந்த ஒழுங்கு முக்கியம். இரத்தமும் எடுக்காமல், தோலையும் பார்க்காமல் யாராவது முதல் நாளே இந்தக் குளிசையை எழுதினால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

கவலையில் தோலைச் சுரண்டுபவர்களும் தலைமுடியைப் பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள். போரில் பட்ட அடியின் தழும்பு திடீரென எரிவதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தடுப்பில் இருந்துவிட்டு வந்த சிலர் அதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். இவர்களுக்கு மனநோய்க் குளிசை முதல் மருந்து அல்ல. பழக்கத்தை மாற்றும் பயிற்சி, உளவளத்துணை, தேவைப்பட்டால் மனச்சோர்வு மருந்து. அதன் பிறகும் முடியாவிட்டால் சிலருக்கு மட்டும் சின்ன அளவில் இதைச் சேர்ப்பார்கள். தோலையும் மனதையும் ஒன்றாகப் பேசினால் எல்லோருக்கும் ஒரே குளிசை என்று ஆகிவிடாது.

குளிசை என்ன செய்யும்

நன்மையைச் சொல்லிவிட்டுத் தீமையை விட்டால் பேரன் மறுபடி தட்டிப் பார்ப்பான்.

ரிஸ்பெரிடோனில் சிலருக்குக் கை நடுக்கம், உடல் விறைப்பு, ஓரிடத்தில் இருக்க முடியாத அந்தரம் வரும். சின்ன அளவில் குறைவு, ஆனாலும் வரும். அந்த அந்தரத்தை நோய் கூடியதாக நினைத்து வீட்டார் இன்னும் ஒரு குளிசை கொடுத்துவிடுவதுண்டு. அப்படிச் செய்யாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றுபோகலாம், பிள்ளை பெறாத பெண்ணுக்கும் பால் சுரக்கலாம். வெட்கத்தில் இதை ஒருவரும் சொல்வதில்லை. ஒலன்சபின் பசியைக் கூட்டும், எடையையும் சீனியையும் ஏற்றும். எங்கள் வீடுகளில் சோற்றின் அளவும் சீனி வியாதியின் அளவும் தெரிந்ததுதானே. அதனால் தொடங்கும்போதும் பிறகு இடையிடையேயும் எடையும் இரத்தச் சீனியும் பார்க்க வேண்டும். பழைய லார்காக்டில் போடுபவர்களின் தோல் வெயிலைத் தாங்காது, சீக்கிரம் கருகும். கரைவலை இழுப்பவருக்கும் வயல்காரருக்கும் இதை யாராவது சொல்லிவிட வேண்டும்.

வயதானவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண ஆபத்தைக் கூட்டுவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2005இலேயே எச்சரித்தது. மூத்தம்மா கொஞ்ச நாளாக ஆட்களை மாறிக் கூப்பிடுகிறார், வழி தவறுகிறார் என்றால் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

நோன்பு காலத்தில் என்ன செய்வது என்று சாச்சி கேட்டார். இரவில் ஒருமுறை போடும் குளிசையை நோன்பு திறந்த பிறகோ படுக்கும்போதோ போடலாம், அதனால் நோன்புக்குச் சிக்கல் இல்லை என்றார் வைத்தியர். காலையிலும் இரவிலும் போடுபவர்கள் நேரத்தைத் தாங்களாகவே மாற்றாமல் ரமழானுக்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஓதிப் பார்ப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சாச்சி இன்றும் ஓதிய தண்ணீர் குடிக்கிறார், குளிசையும் போடுகிறார். குளிசையை நிறுத்தினால்தான் ஓதுவேன் என்று சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

கடி குறைந்ததும் நிறுத்திவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். குறைந்த பிறகும் பல மாதம் தொடர்ந்து, பிறகு வைத்தியர் சொல்லும்படி மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் பூச்சி திரும்பி வரும்.

வாங்கில் இருந்த இரண்டு பேர்

கல்முனை நகரில் இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும். முஸ்லிம்கள் அதிகம் முன்னதற்கும் தமிழர்கள் அதிகம் பின்னதற்கும் போகிறார்கள். ஏன் அப்படி ஆனது என்பது எல்லோருக்கும் தெரியும், அது இந்தக் கட்டுரையின் வேலை அல்ல. ஆனால் மனநலக் கிளினிக் என்று வந்துவிட்டால் இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரித்தான் நடந்துகொள்கிறார்கள். சொந்த ஊரில் யாராவது கண்டுவிடுவார்கள் என்று பஸ் ஏறி வெளியூர் போகிறார்கள்.

நாங்களும் அப்படித்தான் வெளியூர் போனோம். இம்முறை வைத்தியர் ஓர் இளம் பெண். டப்பாவைத் திறந்து பார்த்தார், சிரிக்கவில்லை. “இதுல பூச்சி எனக்குத் தெரியல்லம்மா. ஆனா உங்களுக்கு ஊர்றது உண்மை, நித்திரை இல்லாதது உண்மை. பூச்சி இருக்கா இல்லையா எண்டு நாம சண்டை பிடிக்க வேணாம். ஊர்ற உணர்ச்சியக் குறைக்க ஒரு குளிசை இருக்கு. அது வேற நோய்க்கும் குடுக்கிற குளிசைதான், நீங்க நெட்டுல பார்ப்பீங்க, பயப்பட வேணாம்” என்றார். அதே ரிஸ்பெரிடோன். அரை மில்லிகிராம். மூன்று நிமிடம் கூட ஆகவில்லை.

வீட்டாருக்கும் அதைத்தான் சொன்னார்: பூச்சி இல்லை என்று வாதாடாதீர்கள், இருக்கிறது என்று சேர்ந்து தேடவும் வேண்டாம். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேளுங்கள். நகத்தை வெட்டிவிடுங்கள். புண்ணுக்கு மருந்து கட்டுங்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம்.

வெளியே வாங்கில் பாண்டிருப்பிலிருந்து வந்த ஒரு அம்மா சாச்சிக்குப் பக்கத்தில் இருந்தார். அவரும் எங்களைப் போலவே ஊரைத் தாண்டி வந்தவர். கையில் புண் அடையாளத்தைக் கண்டு, “உங்களுக்கும் ஊருதா அக்கா?” என்று கேட்டார். இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். எந்த மாதிரி ஊரும், எப்போது கூடும், கடலுக்குக் கிட்டப் போனால் எப்படி. அந்த அம்மாவுக்கும் இரவுக்கு ஒரு குளிசை, எட்டு மாதமாக. “ஆரம்பத்துல சரியான நித்திரை வந்தது, பகல்லயும் தூங்கி விழுந்தன். இப்ப பரவாயில்ல” என்றார். எந்த வைத்தியரும் சொன்னதை விட சாச்சி அதைத்தான் நம்பினார் என்று நினைக்கிறேன்.

வெளியூர் போக வசதி இல்லாதவர்களுக்கு: ஆதார வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, மருந்துக்குக் காசு இல்லை. நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். தோல் கிளினிக்கில் இருந்தே மனநலக் கிளினிக்குக்கு எழுதிக் கொடுப்பார்கள். போக விருப்பமில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், தோல் வைத்தியரே இந்த மருந்தைத் தொடங்கிக் கவனிப்பதும் நடக்கிறது.

இப்போது பத்தாவது வாரம். சாச்சியின் கைப் புண் காய்ந்து கறுப்புத் தழும்பாக இருக்கிறது. பகலில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்கிறார். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது, அதை அடுத்த கிளினிக்கில் சொல்ல வேண்டும். பவுடர் டப்பா அலுமாரியில் இன்னும் இருக்கிறது. எறிந்துவிடட்டுமா என்று பேத்தி கேட்டாளாம். “கிடக்கட்டும்” என்றாராம்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு கிளினிக் அட்டையைக் கொண்டுவந்து திகதியைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கடி எப்படி என்று கேட்டேன்.

“பூச்சி போயிட்டுதா இல்லையா எண்டு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மகன். இரவைக்கு நித்திரை வருது.”

அட்டையில் இருந்த திகதி அடுத்த மாதம் பதினொன்று. காலை ஆறரை பஸ்ஸில் போனால்தான் முதல் இலக்கங்களுக்குள் எடுக்கலாம் என்று, பாண்டிருப்பு அம்மாவுக்கும் கோல் எடுத்துச் சொல்லச் சொன்னார்.